என்ன விசா என்று கேளுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார், டிக்கட்டுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், பிள்ளையை அனுப்பக் காசு தேடிக்கொண்டிருக்கும் வாப்பா, உம்மாமார் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

நமதூரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் நாலு கேள்வி வரும். எந்த நாடு? எவ்வளவு சம்பளம்? எவ்வளவு செலவு? எப்போது பயணம்? இந்த நாலுக்கும் பதில் கிடைத்ததும் நகை வங்கிக்குப் போகிறது, காணி உறுதி வட்டிக்காரனிடம் போகிறது, பிள்ளை கட்டுநாயக்காவுக்குப் போகிறது. கேட்கப்படாமல் போவது ஐந்தாவது கேள்வி: என்ன விசா?

ஆசிரியர்களாகிய நாங்கள் இதை வருடா வருடம் காண்கிறோம். ஓ/எல் முடிவு வருமுன்னே சில பிள்ளைகளுக்குப் பாஸ்போட் வந்துவிடுகிறது. "சேர், கத்தார் விசா வந்திட்டு" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் தாளைப் பார்த்தால் சில வேளை அது தொழில் விசாவே அல்ல, ஒரு மாத விசிட் விசா. தொழில் விசாவாக இருந்தாலும் அதில் எழுதப்பட்டிருக்கும் தொழில் என்ன என்று பிள்ளைக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. ஏஜென்சிக்காரர் சொன்னது மட்டும்தான் தெரியும்.

ஆகவே முதலில் அடிப்படையைப் பேசுவோம்.

விசா என்பது இன்னொரு நாட்டுக்காரன் நமக்குத் தரும் அனுமதி. அதற்கு எல்லைகள் இருக்கின்றன. எதற்காக வரலாம், எத்தனை நாள் இருக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம், குடும்பத்தைக் கூட்டி வரலாமா என்பவைதான் அந்த எல்லைகள். தற்காலிக விசாவில் இவை எல்லாமே குறுகியவை. ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதி முடிந்தால் நமது உரிமையும் முடியும். நிரந்தர வதிவிடம், அதாவது பீ.ஆர். என்பதில் இந்தக் கட்டுகள் தளர்ந்துவிடும். எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம், வேலை இல்லாமலும் இருக்கலாம், முதலாளி கோபித்தால் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொன்னால், தற்காலிக விசாவில் நாம் இருப்பது இன்னொருவரின் விருப்பத்தில். நிரந்தர வதிவிடத்தில் நாம் இருப்பது சட்டத்தின் பேரில்.

இதை வைத்துக்கொண்டு வளைகுடாவைப் பார்ப்போம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று நமது ஊர்களில் வளைகுடாக் காசு தொடாத தெரு இல்லை. 2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இலங்கைக்கு அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலருக்கும் அதிகம். நாடு வங்குரோத்தான 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். இந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் சவூதி, கத்தார், குவைத், எமிரேட்ஸ், ஓமான் ஆகிய இடங்களில் நம்மவர்கள் வைத்திருப்பது தற்காலிக விசா. 2 வருடம் இருந்தாலும் அப்படித்தான், 25 வருடம் இருந்தாலும் அப்படித்தான். இக்காமா எத்தனை தடவை புதுப்பிக்கப்பட்டாலும் அந்தப் புதுப்பித்தல்களைக் கூட்டி ஒரு நிரந்தர உரிமை கிடைப்பதில்லை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையும் வாப்பாவின் இக்காமாவில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

"சவூதியும் இப்போது பீ.ஆர். கொடுக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2019இல் சவூதி பிரீமியம் வதிவிடத்தைத் தொடங்கியது. காலவரையற்ற வதிவிடத்துக்குக் கட்டணம் 8 இலட்சம் ரியால். வருடா வருடம் புதுப்பிப்பதற்கு 1 இலட்சம் ரியால். கத்தார் 2018இல் நிரந்தர வதிவிடச் சட்டம் கொண்டுவந்தது. வெளியில் பிறந்தவர் 20 வருடம் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும், வருமானம் காட்ட வேண்டும், அரபு தெரிய வேண்டும். அவ்வளவும் இருந்தாலும் வருடத்துக்கு 100 பேர் அளவில்தான் கொடுப்பார்கள். எமிரேட்ஸின் கோல்டன் விசா 10 வருடம், முதலீட்டாளர்களுக்கும் உயர் தொழில் தகைமை உள்ளவர்களுக்கும் உரியது. கடையிலும் கட்டிடத்திலும் வீட்டிலும் நிற்கும் நமது பிள்ளைகளுக்கான கதவு அது அல்ல.

தற்காலிகம் என்றால் என்ன என்பதை வரலாறு நமக்குப் பல தடவை காட்டியிருக்கிறது. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான இலங்கையர் உடுத்த உடுப்போடு பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானுக்கு ஓடினார்கள். அடுத்த நாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாயல்களில் நடந்ததை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கிழமையில் அங்கு அழுதவர்களுக்கு நிற்க அந்த நாடும் இல்லை, வந்து சேர இந்த ஊரும் நிம்மதியாக இல்லை. 2017 ஜூலையில் சவூதி குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று வரி போட்டது. வருடா வருடம் ஏறி 2020இல் அது 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவர் மாதம் 1,600 ரியால் கட்ட வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் அங்கு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பாதியில் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பின. 2020 மார்ச்சில் கொரோனா வந்து விமான நிலையம் மூடப்பட்டபோது வேலையும் இல்லாமல், வருவதற்கு வழியும் இல்லாமல் மாதக்கணக்கில் அறைகளில் கிடந்தவர்களை நாம் மறக்கவில்லை.

அடுத்தது "பிரீ விசா".

இந்தச் சொல்லை நமதூரில் கேளாதவர் இல்லை. "கம்பெனி விசா இல்லை, பிரீ விசா. எங்கேயும் வேலை செய்யலாம்" என்பார்கள். வளைகுடா நாடு எதிலும் சட்டத்தில் பிரீ விசா என்று ஒன்று இல்லை. நடப்பது என்னவென்றால், ஒரு கபீல் தன் பெயரில் விசா எடுக்கிறார், அதைக் காசுக்கு விற்கிறார். போகிறவர் அவரிடம் வேலை செய்யாமல் வெளியில் வேலை தேடுகிறார். இக்காமா புதுப்பிக்கும்போதெல்லாம் கபீல் கேட்கும் காசைக் கொடுக்க வேண்டும். கபீலுக்கு மனம் மாறினால், அல்லது வேறு ஒருவருக்கு விற்க இடம் தேவைப்பட்டால், ஓடிவிட்டார் என்று ஹுரூப் போட்டுவிடுவார். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் கேட்டு வழக்குப் போடவும் முடியாது, நேராக விமான நிலையத்துக்குப் போய் ஊர் வரவும் முடியாது. பெயர்தான் பிரீ. வாங்குவதற்கும் காசு, வைத்திருப்பதற்கும் காசு, விட்டு வருவதற்கும் காசு.

விசாவில் எழுதப்பட்டிருக்கும் தொழிலும் முக்கியம். சவூதி 2021 மார்ச் 14இல் தொழிலாளர் சீர்திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு வருடம் முடிந்த பின் நிபந்தனைகளோடு கபீலின் சம்மதமில்லாமல் வேலை மாறலாம், வெளியேறும் அனுமதியைத் தாமே எடுக்கலாம் என்றார்கள். நல்ல செய்தி. ஆனால் வீட்டுப் பணியாளர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. வீட்டுப் பணிப்பெண் மட்டுமல்ல, ஹவுஸ் டிரைவர், தோட்டக்காரர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர் எல்லோரும் அந்த வகைக்குள்தான் வருவார்கள். கடை வேலை என்று சொல்லி ஹவுஸ் டிரைவர் விசாவில் அனுப்பப்படும் பிள்ளை, தன்னை அறியாமலே அந்தச் சட்டத்துக்கு வெளியே போய் நிற்கிறான். கத்தாரில் நிலைமை வேறு. 2020இல் வேலை மாறுவதற்கான என்.ஓ.சி. நீக்கப்பட்டது. 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக்கூடாது. தங்குமிடம் கொடுக்காவிட்டால் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 ரியால் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். அதில் வீட்டுப் பணியாளரும் அடக்கம். ஒரே வளைகுடாவில் நாட்டுக்கு நாடு, விசாவுக்கு விசா உரிமை மாறுகிறது. "எல்லாம் அரபு நாடுதானே" என்று பேசுவது பிழை.

விசிட் விசா இன்னும் மோசம். விசிட் விசா பார்க்கப் போவதற்கானது, உழைப்பதற்கானது அல்ல. எமிரேட்ஸில் விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். திகதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம் ஏறிக்கொண்டே போகும். "அங்கு போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சிலருக்கு மாறுகிறது. மாறாதவர்களின் கதை ஊருக்கு வருவதில்லை. வெட்கத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை. 2022 நவம்பரில் ஓமானில் இருந்து வந்த செய்தியை நினைத்துப் பாருங்கள். விசிட் விசாவில் கொண்டு போகப்பட்ட இலங்கைப் பெண்கள் ஆளுக்கு ஆள் விலை பேசி விற்கப்பட்டார்கள் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடத்தியது. அவர்கள் தொழில் விசாவில், ஒப்பந்தம் பதிந்து போயிருந்தால் அந்தப் பெண்களின் பெயராவது அரசாங்கத்தின் பதிவில் இருந்திருக்கும்.

மார்க்க விஷயத்திலும் இது வந்துவிட்டது. 2024 ஹஜ்ஜில் கடும் வெயிலில் 1,301 பேர் மரணித்தார்கள். அவர்களில் 83 சதவீதமானோர் ஹஜ் அனுமதி இல்லாமல் போனவர்கள் என்று சவூதி அரசே அறிவித்தது. விசிட் விசாவில் வந்து, கூடாரமும் இல்லாமல், குளிரூட்டிய பஸ்ஸும் இல்லாமல் வெயிலில் நடந்தவர்கள் பலர். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. 2025இல் அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரை தண்டம் என்று அறிவித்தார்கள். மலிவாக ஹஜ் என்று யாராவது வந்தால் அங்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என்ன விசா?

இனி மேற்கு நாடுகள். அங்கே நிரந்தர வதிவிடம் என்ற ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதனால்தான் ஏமாற்றும் அங்கே பெரிதாக இருக்கிறது. தற்காலிக விசாவை நிரந்தரம் என்று சொல்லி விற்பதற்கு அங்கேதான் வசதி.

2012இல் நமது கிழக்குக் கரையிலிருந்தும் படகுகள் போயின. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நமது தமிழ் அயலவர்கள் தோட்டத்தையும் தோணியையும் விற்றுப் போனார்கள். அந்த வருடம் 6,000க்கும் அதிகமான இலங்கையர் கடல் வழியாக அவுஸ்திரேலியாவை அடைந்தார்கள். 2013 ஜூலை 19க்குப் பிறகு படகில் வரும் எவரும் அங்கு குடியேற்றப்பட மாட்டார்கள் என்று அந்த நாடு அறிவித்தது. அதற்கு முன் போனவர்களில் அகதி என்று ஏற்கப்பட்டவர்களுக்கும் 3 வருட, 5 வருடத் தற்காலிகப் பாதுகாப்பு விசாதான் கொடுக்கப்பட்டது. அதில் மனைவி பிள்ளைகளை அழைக்க முடியாது. 2023 பெப்ரவரியில்தான் அந்த விசாக்காரர்கள், சுமார் 19,000 பேர், நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழி திறந்தது. பத்து வருடத்துக்கு மேல். போகும்போது தொட்டிலில் இருந்த பிள்ளை அதற்குள் பெரிய பிள்ளையாகிவிட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் சிலர் இன்னும் சில மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் இடைக்கால விசாவில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வாவியின் அடுத்த கரையில் நடந்ததுதானே என்று நாம் இருக்க முடியாது. நமது பிள்ளைகளும் அதே கனவோடுதான் நிற்கிறார்கள்.

இங்கிலாந்தைப் பாருங்கள். கெயர் விசா என்று சொல்லி முதியோர் பராமரிப்பு வேலைக்கு உலகம் முழுவதும் ஆள் எடுத்தார்கள். 5 வருடம் வேலை செய்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் மக்கள் போனார்கள். 2024 மார்ச் 11 முதல் கெயர் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கெயர் வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் 470க்கும் மேற்பட்ட கெயர் நிறுவனங்களின் அனுமதி பறிக்கப்பட்டது. நிறுவனத்தின் அனுமதி போனால் தொழிலாளிக்கு வழக்கமாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் பிடிக்காவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கான பொதுவான 5 வருடத்தை 10 வருடமாக்கும் திட்டத்தையும் 2025 மேயில் வெளியிட்டார்கள். மாணவர் விசாவிலும் அப்படித்தான். 2024 ஜனவரி முதல், ஆய்வுப் பட்டம் படிப்பவர் போன்ற சிலரைத் தவிர, குடும்பத்தை அழைக்க முடியாது.

கனடாவில் கொரோனா காலத்தில், 2020இல், விசிட் விசாவில் உள்ளே இருப்பவர்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று தற்காலிகச் சலுகை கொடுத்தார்கள். அதை 2024 ஓகஸ்ட் 28ஆம் திகதி முன்னறிவிப்பின்றி நிறுத்தினார்கள். விசிட்டில் போய் வேலைக்கு மாறலாம் என்று வட்டிக்குக் காசு எடுத்தவர்களின் கணக்கு அன்றோடு கவிழ்ந்தது.

இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் மேற்கு நாடு கூடாது என்பதல்ல. தற்காலிக விசாவில் போகிறவர் இன்றைய சட்டத்தைப் பார்த்துக் காசு கட்டுகிறார். நாளைய சட்டத்தில் வாழ்கிறார். ஆகவே "5 வருடத்தில் பீ.ஆர். நிச்சயம்" என்று எந்த ஏஜென்சிக்காரராலும் உத்தரவாதம் தர முடியாது. அப்படித் தருகிறவரை விட்டு விலகுங்கள்.

ஜப்பான், கொரியா பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டும் ஒழுங்கான வழிகள், அரசாங்கத்துக்கூடாகப் போகும் வழிகள். ஆனால் கொரியாவின் ஈ-9 விசா ஒரு தடவைக்கு அதிகபட்சம் 4 வருடமும் 10 மாதமும், குடும்பம் கூட்டிப் போக முடியாது. ஜப்பானின் விசேட திறன் விசாவில் முதல் வகை மொத்தம் 5 வருடம், குடும்பம் இல்லை. இரண்டாம் வகைக்கு உயர்ந்தால்தான் மனைவி பிள்ளைகளை அழைக்கலாம், தொடர்ந்து புதுப்பிக்கலாம். அதற்குப் பரீட்சை உண்டு. மொழியை நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி. போகுமுன்னே இது தெரிந்திருந்தால் முதல் நாளிலிருந்தே அந்தப் பரீட்சையை நோக்கிப் படிப்பான்.

பீ.ஆர். கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. பீ.ஆர். குடியுரிமை அல்ல. கனடாவில் பீ.ஆர். உள்ளவர் 5 வருடத்துக்குள் 730 நாளாவது அங்கு இருந்திருக்க வேண்டும். பீ.ஆர். எடுத்துவிட்டு ஊரில் வந்து கடை போட்டு இருந்தால் அது கைவிட்டுப் போகலாம். குடியுரிமை எடுத்தால் வேறு ஒரு கணக்கு. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் வேறு நாட்டுக் குடியுரிமை எடுப்பவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி எழுதிக் கொடுக்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் வாரிசாக வரும் சொத்துக்கும் விலக்கு உண்டு. பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுப்பது நமது வழக்கம். வெளிநாட்டில் இருக்கும் மகளின் பெயரில் வீடு எழுதுமுன் அவர் இப்போது எந்த நாட்டுப் பிரஜை என்று நொத்தாரிசிடம் சொல்லிக் கேட்க வேண்டிய காலம் இது.

கலியாணப் பேச்சிலும் இதே நிலைதான். "மாப்பிள்ளை லண்டன்" என்றால் வீடு, நகை, ரொக்கம் என்று பேச்சு உயர்ந்துவிடுகிறது. லண்டன் என்பது ஊரின் பெயர், விசாவின் பெயர் அல்ல. மாணவர் விசாவா, தொழில் விசாவா, புகலிடக் கோரிக்கை விசாரணையில் இருக்கிறதா, பீ.ஆரா? பெண் அங்கு போக முடியுமா? இதைக் கேட்டால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். கேட்காமல் விட்டு, நிக்காஹ் முடிந்து நாலு வருடமாக வட்ஸ்அப்பில் குடும்பம் நடத்தும் பெண்பிள்ளைகள் நமது தெருக்களிலேயே இருக்கிறார்கள். பெண்ணின் வலி அந்தப் பேச்சில் ஒரு நிமிட வெட்கத்தைவிடப் பெரியது.

"சேர்மார் சொல்வது சரி, ஆனால் இங்கே உழைப்பு எங்கே இருக்கிறது? பசித்தவன் விசாவின் பெயரையா பார்ப்பான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மீன் குறைந்த வாவியை, மூடிக் கிடக்கும் கைத்தறியை, பட்டம் முடித்தும் வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளையை நாமும் காண்கிறோம். போகாதே என்று யாருக்கும் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நாம் சொல்வது, பசித்தவன்தான் அதிகம் பார்க்க வேண்டும் என்பதே. காசுள்ளவன் ஏமாந்தால் காசு போகும். இல்லாதவன் ஏமாந்தால் வீடு போகும், சில நேரம் உயிரும் போகும். மூதூர் ரிசானா நபீக்கை மறந்துவிட்டோமா? 1988இல் பிறந்த பிள்ளையின் பாஸ்போட்டில் பிறந்த வருடம் 1982 என்று போடப்பட்டது. 2005இல் சவூதி போனார், 2013 ஜனவரி 9இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். சிறுமி என்று வாதாடியபோது அவரது பாஸ்போட்டே அவருக்கு எதிராக நின்றது. தாளில் இருக்கும் ஓர் எண்ணுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை இதைவிட யாரும் சொல்ல முடியாது.

தற்காலிக விசாவில் போவதில் தவறேதும் இல்லை. அதைத் தற்காலிகம் என்று தெரிந்து போக வேண்டும். தெரிந்தால் வாழ்க்கைக் கணக்கு மாறும். முதல் இரண்டு வருடச் சம்பளத்தில் கடன் முடிகிறதா என்று பார்ப்போம். மாடி வீட்டை ஐந்து வருடத்துக்குத் தள்ளிப்போட்டு, திரும்பி வந்தால் சோறு போடும் ஒரு தொழிலுக்கு முதல் சேர்ப்போம். சவூதி தொழிலாளர் சட்டத்தில் முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளமும், அதன் பின் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளமும் பணி முடிவுக் கொடுப்பனவாக உண்டு என்பதும், வீட்டுப் பணியாளருக்கு வேறு விதி என்பதும் தெரிந்திருக்கும். கேட்டு வாங்கி வருவோம். நிரந்தரம் என்று நினைத்துச் செலவழித்து, ஐம்பது வயதில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கும் வாப்பாமாரை நாம் நிறையக் கண்டுவிட்டோம். வீடு மகளுடையது, மகன் வேறு நாட்டில், கையில் ஒன்றும் இல்லை.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று, அரபு. வளைகுடா விசாவும் ஒப்பந்தமும் பெரும்பாலும் அரபியில் இருக்கும். நமது ஊர்களில் அரபு வாசிக்கத் தெரிந்த உலமாக்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் கிழமையில் ஒரு நாள், அஸருக்குப் பின் அரை மணி நேரம், விசாத் தாளை வாசித்துச் சொல்ல ஒரு மௌலவியைப் பள்ளிவாயல் நிர்வாகம் ஒழுங்கு செய்யலாம். தொழில் என்ன, கபீல் யார், எத்தனை வருடம் என்று மூன்றே விஷயம் சொன்னால் போதும். ஒரு குடும்பம் காப்பாற்றப்படும்.

இரண்டு, எழுத்து. குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியது. அந்த வேதத்தைச் சுமக்கும் சமூகம் 12 இலட்சம் ரூபாயை ஒரு துண்டுச் சிட்டையும் இல்லாமல் சப் ஏஜென்டின் கையில் கொடுக்கலாமா? யாருக்கு, எந்த விசாவுக்கு, எவ்வளவு, கிடைக்காவிட்டால் எப்போது திருப்பித் தருவது என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள். எழுத மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

மூன்று, பதிவு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா, அந்த நாட்டுக்கு அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். பதிந்து போனால் காப்புறுதி உண்டு, பிரச்சினை என்றால் முறையிட இடமுண்டு. விசிட் விசாவில் போனவருக்கு இரண்டும் இல்லை.

நான்கு, பாடசாலை. ஓ/எல் பரீட்சை முடிந்து முடிவு வரும் வரை பிள்ளைகள் சும்மா இருக்கும் மாதங்கள் உண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு காலை நேரம், பழைய மாணவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கூப்பிட்டு, ஒரு மாதிரி விசாவையும் ஒப்பந்தத்தையும் கையில் கொடுத்து வாசிக்கச் செய்யலாம். பெண்பிள்ளைகளும் இருக்கட்டும். நாளைக்கு அந்தத் தாளை நம்பிக் காத்திருக்கப் போவது அவர்கள்.

ஐந்து, வீட்டில் கேட்க வேண்டியவை. இதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசாவில் எழுதப்பட்டிருக்கும் தொழில் என்ன? யாருடைய பெயரில் விசா, அவரிடம்தான் வேலையா? எவ்வளவு காலம், புதுப்பிக்கும் செலவு யாருடையது? வேலை மாறலாமா, குடும்பத்தை அழைக்கலாமா? நிரந்தர வதிவிடத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா, இல்லையா? இந்த ஐந்துக்கும் தாளைக் காட்டிப் பதில் சொல்ல முடியாதவரிடம் பாஸ்போட்டைக் கொடுக்காதீர்கள். வாயால் சொல்வது பதில் அல்ல.

போகிற பிள்ளைகளே, உங்கள் வியர்வையில்தான் இந்த ஊரின் பாதிச் சுவர் எழும்பியது. யாரும் உங்களைத் தடுக்கவில்லை. கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள். இந்தப் பதிவைப் பயணம் போகக் காத்திருக்கும் ஒருவருக்காவது அனுப்புங்கள். பிழையான தகவல் இருந்தால் அறிந்தவர்கள் கருத்தில் சொல்லுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் பயணத்தையும் உழைப்பையும் ஹலாலாகவும் பாதுகாப்பாகவும் ஆக்குவானாக. ஆமீன்.